பதினாறு நாள் என்று யார் சொன்னது?

கேள்வி: ஐயா, நாங்கள் கடலில் பாசி எடுக்கும் பெண்கள். மாதம் எத்தனை நாள் இறங்கலாம் என்று குழுவில் ஏழு பேரிடம் கேட்டோம். நாலு பேர் 12 என்றார்கள். மற்றவர்கள் 10, 26, 28. கணக்கு எழுதும் தம்பி கூட்டி வகுத்து 16 என்று நோட்டில் எழுதிவிட்டார். பதினாறு என்று ஒருத்தியும் சொல்லவில்லையே?
— வாசகி, பாம்பன்

பதில்: தங்கச்சி, தம்பியின் கணக்கு சரிதான். 112-ஐ 7-ஆல் வகுத்தால் 16 வரும். ஆனால் அது குழுவின் கருத்து இல்லை. நாலு பேர் ஒன்றுபோலச் சொன்னதை இரண்டு பெரிய எண்கள் நாலு நாள் மேலே இழுத்துவிட்டன. இப்படிக் கூட்டி வகுத்தால் யார் எவ்வளவு விபரீதமாகச் சொல்கிறாரோ அவ்வளவு பலம் அவருக்குப் போய்விடும் என்று ஆங்கிலேய அறிஞர் பிரான்சிஸ் கால்டன் 1907-லேயே எழுதினார். வரிசையாக நிறுத்தி நடுவில் நிற்பதை எடுங்கள் என்றார். உங்களுக்கு அது 12.

எனக்கு அதிலும் ஒரு குறை உண்டு. 26, 28 என்றவர்கள் 13, 14 என்று சொல்லியிருந்தாலும் நடு எண் அதே 12-தான். அவர்கள் வந்து உட்கார்ந்ததற்கே அர்த்தமில்லாமல் போகிறது.

1988-இல் ரொனால்ட் யாகர் என்ற அமெரிக்க ஆய்வாளர் ஒரு வழி சொன்னார். எண்களை வரிசைப்படுத்தி, ஆளுக்கு இல்லாமல் வரிசையில் நிற்கும் இடத்துக்கு எடை, அதாவது கணக்கில் எவ்வளவு மதிப்பு என்பதை, கொடுப்பது. தலைவி, நேற்றுச் சேர்ந்தவர் என்ற பேதம் அதில் கிடையாது. ஸ்பெயின் மாலகா பல்கலைக்கழகத்தின் பெலாயஸும் டோன்யாவும் 2003-இல் அதைப் பெரும்பான்மைக்கு ஏற்றபடி மாற்றினார்கள். உங்கள் நோட்டிலேயே போட்டுப் பாருங்கள். முதலில் 10, 12, 26, 28 ஒவ்வொன்றையும் ஒரே தடவை எடுத்தால் சராசரி 19. இன்னும் மூன்று 12 மிச்சம். 19-ஐயும் ஒரு 12-ஐயும் சேர்த்துப் பாதியாக்கினால் 15.5. அடுத்த 12-க்கு 13.75. கடைசி 12-க்கு 12.875. பதின்மூன்று நாள் என்று வைத்துக்கொள்ளலாம். நாலு பேர் பேச்சு நின்றது, மூன்று பேர் பேச்சும் கொஞ்சம் அசைத்தது. எனக்கு இதுதான் நியாயமாகப் படுகிறது.

என் அம்மாவும் பாசி எடுத்தவர். விரலில் துணி சுற்றிக்கொண்டு போவார். சாயங்காலம் அந்தத் துணியை அவிழ்க்கும்போது பாறை கிழித்த இடத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். பறித்த இடத்தில் பாசி மறுபடி துளிர்க்க நாள் வேண்டும் என்பது அவருக்கு யாரும் சொல்லித் தெரிந்ததில்லை. தவணை கட்டும் வாரம் வந்தால் அவரும் இரண்டு நாள் கூடுதலாக இறங்கத்தான் செய்தார். அதனால், 28 என்றவரிடம் ஏன் என்று கேட்காமல் எந்தக் கணக்கையும் முடிக்காதீர்கள். கேட்டபிறகு இன்னொரு தடவை எண் வாங்குங்கள், இந்தத் தடவை சீட்டில் எழுதி. வாய்விட்டுக் கேட்டால் முதலில் பேசியவரின் எண்தான் பக்கத்தில் இருப்பவர் வாயிலும் வரும். உங்கள் நாலு 12-இல் எத்தனை அப்படி வந்தது என்று சீட்டைப் பிரித்தால் தெரியும்.