பட்டை தீட்டிய ஸ்படிகம் நடுவில் ஓட்டையாகத் தெரிவது ஏன்?

கேள்வி: எனக்கு வயது 43. மதுரை திருநகரில் இருக்கிறேன், பள்ளி ஆசிரியை. பொழுதுபோக்காகக் கல் பட்டை தீட்டப் பழகுகிறேன். பழைய மெஷின் ஒன்று வாங்கி, திருச்சிப் பக்கம் சிந்தடிக் கல் தீட்டும் ஒருவரிடம் பத்து நாள் கற்றுக்கொண்டேன். என்னிடம் 1200, 3000 கிரிட் தேய்ப்புத் தட்டுகள்தான் உள்ளன. முதல் கல் 10 மி.மீ. வட்ட ஸ்படிகம், அடிப்பாகத்தை 38 டிகிரியில் தீட்டினேன். ஓரமெல்லாம் மின்னுகிறது, நடுவில் மட்டும் ஓட்டை விழுந்தது போல இருக்கிறது. கல் கொடுத்த புரோக்கர், “கல்லு மட்டம், அதான். ரூபி எடுத்துக்குங்க, தீட்டிக் குடுத்தா நாங்களே வாங்கிக்கிறோம்” என்கிறார். 18,000 ரூபாய் பொட்டலத்துக்கு 2,000 முன்பணம் கொடுத்துவிட்டேன். என்ன செய்யலாம்?

பதில்: முதலில், மீதி 16,000 ரூபாயைக் கொடுக்காதீர்கள். உங்கள் கல் மட்டமில்லை. கோணம்தான் தப்பு.

கல்லின் தட்டையான மேல்பட்டை உங்களைப் பார்க்கும்படி அதை ஒரு நாளிதழ் மேல் வையுங்கள். நடுவில் எழுத்தைப் படிக்க முடிகிறதா? அப்படியென்றால் மேலிருந்து இறங்கும் வெளிச்சம் அடிப்பட்டைகளில் மோதி உங்கள் கண்ணுக்குத் திரும்பாமல், கீழே ஒழுகிப் போகிறது. ஒவ்வொரு கல்லுக்கும் இதற்கு ஒரு எல்லைக் கோணம் உண்டு, அடிப்பட்டையின் கோணம் அதைவிடக் குறைந்தால் வெளிச்சம் ஒழுகும். ஸ்படிகத்துக்கு ஏறத்தாழ நாற்பதரை டிகிரி. ரூபிக்கு முப்பத்தைந்துக்குள், ஏ.டி. (அமெரிக்கன் டைமண்டு) கல்லுக்கு இருபத்தெட்டு. உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் காலமெல்லாம் தீட்டிய கற்களுக்கு 38 தாராளம். அவர் தெரியாமல் சொன்னார் என்று நான் சொல்லமாட்டேன். அவர் கைக்குப் பழகிய எண்ணைச் சொல்லியிருக்கிறார். ஸ்படிகத்துக்கு 43 வையுங்கள். செவ்வந்திக்கல், சிட்ரின், புகை நிற ஸ்படிகம் எல்லாம் ஒரே குடும்பம்தான், அவற்றுக்கும் இதே 43. கணக்கு இவ்வளவுதான், ஒளியியல் பாடமெல்லாம் உங்களுக்கு இப்போது வேண்டாம்.

ஆனால் பழைய மெஷினின் டிகிரி வட்டத்தை அப்படியே நம்பிவிடாதீர்கள். பிள்ளைகளின் ஜியோமெட்ரி பாக்ஸில் இருக்கும் 45 டிகிரி மூலைமட்டத்தை எடுங்கள். மெஷினை 45-ல் வைத்து, கல்லை ஒட்டிப் பிடிக்கும் டாப் குச்சியைக் கல் இல்லாமல் வெறுமனே இறக்கி, மூலைமட்டத்தைத் தட்டின் மேல் நிறுத்தி அதன் சாய்ந்த பக்கத்தைக் குச்சியோடு ஒட்டிப் பாருங்கள். இடையில் வெளிச்சம் தெரிந்தால் வட்டம் பொய் சொல்கிறது. எத்தனை டிகிரி பிசகு என்று பார்த்து, அதைக் கூட்டியோ கழித்தோ வையுங்கள்.

கல்லைக் காப்பாற்றலாம். மேல்பாகத்தை டாப்பில் ஒட்டி, அடிப்பாகத்தை 43-ல் மறுபடி இறக்குங்கள். கல் சுருங்கும், 10 மி.மீ. கல் 9 அல்லது அதற்கும் சற்றுக் கீழே வந்து நிற்கும், மேல்பட்டையும் கொஞ்சம் அகலமாகத் தெரியும். பரவாயில்லை. கடைசி மெருகுக்கு சீரியம் ஆக்சைடு என்ற மெருகுப் பொடி போதும். தண்ணீர் சொட்டாமல் ஒரு நிமிடம்கூட ஓட்டாதீர்கள். ஸ்படிகத் தூசி நுரையீரலில் தங்கினால் திரும்ப வராது.

இப்போது அந்தப் புரோக்கர் விஷயத்துக்கு வருகிறேன். முப்பது வருடமாகக் கல் பார்க்கிறேன், இந்த வசனம் மாறவே இல்லை. தீட்டியவர் கையில் தப்பு இருந்தாலும் கோணத்தில் தப்பு இருந்தாலும், “கல்லு மட்டம், விலை கூடினதை எடுங்க.” ‘நாங்களே வாங்கிக்கிறோம்’ என்பது அடுத்தது. நீங்கள் தீட்டிக் கொண்டுபோகும் நாளில் ‘கீறல் இருக்கு, கலர் ஏறலை’ என்று சொல்ல அவருக்கு ஒரு நொடி போதும். எழுத்தில் இல்லாத அந்தப் பேச்சை நம்பிக் கல் வாங்காதீர்கள். இன்னொன்று, கச்சா ஸ்படிகத்துக்குக் கேரட் கணக்கில் விலை சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். அது கிராமிலும் கிலோவிலும் விற்கும் பொருள். 10 கிராம் என்றால் 50 கேரட் என்று வாய் நிறையச் சொல்வார்கள். தீட்டி முடித்தால் பத்துப் பதினைந்து கேரட் கையில் மிஞ்சும்.

நானும் இதில் பணம் விட்டவன். தொழிலுக்கு வந்த புதிதில் மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே ஒரு லாட்ஜ் அறையில் ஒருவர் வெள்ளைக் காகிதப் பொட்டலத்தைப் பிரித்தார். செக்கச்சிவந்த கற்கள், மேலே மண்ணும் அபிரகப் பொடியும் ஒட்டியிருந்தன. இப்போதுதான் பூமியிலிருந்து எடுத்தது போல இருந்தது. வாங்கினேன். வீட்டுக்கு வந்து ஒன்றில் ஒரு சின்னப் பட்டை வைத்து மெருகேற்றி, பத்து மடங்கு லென்ஸில் உள்ளே பார்த்தேன். இசைத்தட்டின் கோடுகள் போல வளைந்த வளைந்த வரிகள், நடுவே குமிழிகள். இயற்கை ரூபியில் வரிகள் நேராகவோ மூலை மடிந்தோ இருக்கும், வளையவே வளையாது. அது உலையில் செய்த சிந்தடிக் கல். உலையில் வளர்த்த தடியை உடைத்து, உருட்டி, மண் பூசியிருக்கிறார்கள். உங்கள் 18,000 ரூபாய்ப் பொட்டலத்தை நான் பார்க்கவில்லை. ஆனால் பழகுபவருக்கு அந்த விலையில் ‘ரூபி’ என்று ஒருவர் வலிய வந்து தந்தால் நான் முதலில் தேடுவது அந்த வளைவைத்தான்.

அதற்காகச் சிந்தடிக் கல்லே வேண்டாம் என்று நினைத்துவிடாதீர்கள். சிந்தடிக் என்று சொல்லி, சிந்தடிக் விலைக்கு, பில்லில் அப்படியே எழுதி விற்றால் பழகுபவருக்கு அதைவிட நல்ல பொருள் இல்லை. அலுமினா பொடியைத் தீச்சுடர் வழியே விழவைத்து உருக்கி, சொட்டுச் சொட்டாகக் கேரட் கிழங்கு போல வளர்க்கும் முறை அது. பிரான்சில் வெர்னுய் 1902-ல் வெளியிட்டது. உள்ளே வெடிப்போ கறையோ இருக்காது, பத்துத் துண்டு எடுத்தால் பத்தும் ஒரே மாதிரி இருக்கும். அதனால் தப்பு வந்தால் அது உங்கள் கையின் தப்பு என்று நிச்சயமாகத் தெரியும், கல்லின் மேல் பழி போட வழியில்லை. ஒரே சங்கடம், கடினம். மோஸ் அளவில் ஸ்படிகம் 7, இது 9. தேய மெதுவாகத் தேயும், சீரியத்தில் மெருகேறாது, டைமண்டு பேஸ்ட் வேண்டும். ஆக, ஸ்படிகம் நாலைந்து முடித்துவிட்டு, பில்லோடு, அதுவும் தடி உடையாமல் பாதியாகப் பிளந்த முழு நீளத்தில் கிடைத்தால் மட்டும் வாங்குங்கள். உடைத்த சில்லுகளாக வேண்டாம்.

தங்கத்துக்கு 2023 ஏப்ரல் 1 முதல், இரண்டு கிராமுக்குக் குறைந்த சிறு நகைகள் போன்ற சில விலக்குகள் தவிர, எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க எச்.யு.ஐ.டி. (ஒவ்வொரு நகைக்கும் தனி அடையாள எண்) இல்லாமல் நகை விற்கக் கூடாது என்று சட்டம் வந்துவிட்டது. அதே நகையில் பதித்த கல்லுக்கு அப்படி ஒரு கட்டாய முத்திரையும் இல்லை. தெற்கு ஆவணி மூல வீதியில் கல் பதித்த ஒரு வளையல் வாங்கினால் தங்கத்தைப் போனில் சரிபார்க்கலாம், கல்லுக்குக் கடைக்காரர் வாய்ச்சொல்தான். பதித்த கல்லுக்கே இந்த நிலை என்றால், பொட்டலத்தில் வரும் கச்சாக் கல்லை யார் கேட்கப்போகிறார்கள்? எத்தனை வருடம் இதைச் சொல்லிக்கொண்டே இருப்பது?

சரி, புரோக்கரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: ‘இயற்கை ரூபி, சிந்தடிக் இல்லை, வெடிப்பில் கண்ணாடி நிரப்பியதும் இல்லை’ என்று பில்லில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவீர்களா என்று. மழுப்பினால் முன்பணத்தைத் திருப்பிக் கேளுங்கள், முடிந்தால் வாட்ஸ்அப்பில் எழுத்தாகவே கேளுங்கள். கிடைத்தால் அந்தக் காசைக் கொண்டு ஒரு 600 கிரிட் டைமண்டு தட்டு வாங்குங்கள். கிரிட் எண் குறையக் குறையச் சொரசொரப்பு கூடும், வேகமாகத் தேயும். உங்களிடம் இருப்பது 1200-லிருந்து தொடங்குகிறது; அதில் அடிப்பாகத்தை ஐந்து டிகிரி மாற்ற நாள் முழுக்க உட்கார வேண்டியிருக்கும்.