பொம்மையை வைத்துக் கதை சொல்லக் குழந்தையைப் பழக்குவது எப்படி?

ஐந்து வயதுக் குழந்தை தேவதைக் கதைகளைப் பொம்மைகளை வைத்துத் தானே திருப்பிச் சொல்ல என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

மனப்பாடம் மட்டும் வேண்டாம். சிவப்புத் தொப்பிச் சிறுமி கதையை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று நாள் நீங்களே சொல்லிக் காட்டுங்கள். அப்புறம் பாட்டி வேடம் போட்டுச் சிறுமியை ஏமாற்றும் ஓநாய்ப் பொம்மையை மட்டும் குழந்தையிடம் கொடுங்கள். "பாட்டி, உங்க காது ஏன் இவ்வளவு பெரிசு?" என்று நீங்கள் கேட்டதும் பதில் தானாக வரும். அடுத்து கண், அப்புறம் பல். ஒரே அச்சில் திரும்பத் திரும்ப வரும் இந்தக் கேள்விகளைப் பிடித்துக்கொண்டே பிள்ளைகள் கதையைக் கடந்துவிடுவார்கள். அடுத்த முறை பொம்மைகளை மாற்றிக்கொள்ளுங்கள்.

பொம்மைக்குப் பழைய காலுறையும் இரண்டு பொத்தான்களும் போதும். பேசுகிற பொம்மை மட்டும் அசையட்டும், மற்றது சும்மா நிற்கட்டும். இதைப் பழக்கத்தான் கொஞ்சம் நாளாகும்.

முடிவை மாற்றிச் சொன்னால் தயவுசெய்து திருத்தாதீர்கள். 1697-இல் பிரெஞ்சு எழுத்தாளர் பெரோ எழுதியதில் ஓநாய் சிறுமியைத் தின்பதோடு கதை முடிகிறது. 1812-இல் ஜெர்மனியின் கிரிம் சகோதரர்கள் வெளியிட்டதில் வேடன் வந்து காப்பாற்றுகிறான். பெரியவர்களே மாற்றிய கதைதானே, உங்கள் பிள்ளையும் மாற்றட்டும்.