4.6 நட்சத்திரமும் நாற்பது நிமிட வரிசையும்

வணக்கம் சார்,

உங்கள் தளத்தை மூன்று வருடமாகப் படிக்கிறேன். எழுதுவது இதுதான் முதல் முறை, அதுவும் சாப்பாட்டு விஷயமாக. சிரிக்காதீர்கள்.

இந்த நகரத்துக்கு வந்து ஆறு வருடம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் தோழிகள் நான்கு பேர் சேர்ந்து பிரன்ச், அதாவது காலைச் சாப்பாட்டையும் மதியச் சாப்பாட்டையும் ஒன்றாக்கியது, சாப்பிடப் போவோம். எங்கே போவது என்று முடிவு செய்கிற வேலை எப்படியோ என் தலையில் விழுந்துவிட்டது. சனிக்கிழமை ராத்திரி ஒரு மணி நேரம் போனைத் தேய்த்து, 4.6 நட்சத்திரம், இரண்டாயிரம் பேர் எழுதியிருக்கிறார்கள் என்றெல்லாம் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்கிறேன். போன வாரம் அப்படிப் போன இடத்தில் நாற்பது நிமிடம் வெளியே நின்றோம். உள்ளே போனால் முட்டை ஆறிப்போய் வந்தது, காபி எல்லாம் சாப்பிட்டு முடித்த பிறகு வந்தது. யாரும் என்னை ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. இதில் எங்கள் அலுவலகத்துக்கு வந்து இரண்டே மாதம் ஆன ஒருவர், நான் தினமும் கடந்து போகிற தெருவிலேயே ஒரு நல்ல இடத்தைக் கண்டுபிடித்திருக்கிறார். ஆறு வருடமாக நான் என்ன செய்துகொண்டிருந்தேன்?

நீங்கள் எப்படித் தேடுகிறீர்கள்? நம்பக்கூடிய பட்டியல், செயலி ஏதாவது உண்டா?

பி.கு.: நீங்கள் அடிக்கடி போகிற இடத்தின் பெயரைச் சொன்னாலே போதும்.

ஆர்.

*

அன்புள்ள ஆர்,

சிரிக்கவில்லை. நான்கு பேருக்கு இடம் தேர்ந்தெடுத்து, அது சொதப்பி, நான்கு பேரும் "பரவாயில்லப்பா" என்று சொல்கிற அந்த நிமிடம் எனக்கும் தெரியும். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

முதலில் அந்த அலுவலக நண்பரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் கேள்விக்குப் பாதி பதில் அவரிடம்தான் இருக்கிறது. அவர் உங்களைவிடக் கெட்டிக்காரர் இல்லை, ஊருக்குப் புதுசு, அவ்வளவுதான். எந்த வழியாகப் போனால் சீக்கிரம் போகலாம் என்று தெரியாததால் எல்லாத் தெருவிலும் நடக்கிறார், பழகிய இடம் என்று ஒன்று இல்லாததால் எதிர்ப்பட்ட கதவைத் தள்ளிப் பார்க்கிறார். நீங்கள் முதல் இரண்டு மாதம் அப்படித்தான் இருந்திருப்பீர்கள். அப்புறம் வழி பழகிவிட்டது, கண் போனுக்குப் போய்விட்டது. ஆறு வருடமாகக் கடந்து போன தெரு என்கிறீர்களே, கடந்துதான் போயிருக்கிறீர்கள்.

சரி, நட்சத்திரத்துக்கு வருவோம். உணவகத்துக்கு நட்சத்திரம் போடுகிற வழக்கம் யாருக்காக வந்தது என்று பாருங்கள். பிரான்ஸில் டயர் விற்ற மிஷ்லின் கம்பெனி 1900இல் கார் வைத்திருந்தவர்களுக்கு இலவசமாக ஒரு கையேடு கொடுத்தது. ஜனங்கள் நாலு ஊர் சுற்றினால்தானே டயர் தேயும். 1926இல் அந்தக் கையேட்டில் நல்ல உணவகங்களுக்கு நட்சத்திரம் போட ஆரம்பித்தார்கள். 1936இல் அதற்கு அர்த்தமும் எழுதினார்கள்: இரண்டு நட்சத்திரம் என்றால் போகிற வழியை விட்டு விலகிப் போகலாம், மூன்று என்றால் அதற்காகவே பயணம் கிளம்பலாம். அத்தனையும் வழிப்போக்கனுடைய கணக்கு. இன்றைக்கு உங்கள் போனில் இருக்கிற 4.6 வேறு ஆட்கள் போட்டது, வேறு முறையில் போட்டது, ஆனால் இந்தக் குணம் மட்டும் அதிலும் இருக்கிறது. ஊரைச் சுற்றிப் பார்க்க வந்தவர், பிறந்த நாள் கொண்டாட வந்தவர், ஒரே ஒரு தடவை போனவர், இவர்கள்தான் பெரும்பாலும் எழுதுகிறார்கள். ரொம்பக் குஷியானவரும் ரொம்பக் கடுப்பானவரும் எழுதுவார்கள். வாராவாரம் அதே மூலை மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு ஒன்றும் சொல்லாமல் எழுந்து போகிறவர் எழுதவே மாட்டார். உள்ளூர்க்காரரான உங்களுக்கு வேண்டியது அவருடைய கருத்து.

பொய்யாக எழுதுகிறவர்களும் உண்டு. 2017இல் லண்டனில் ஊபா பட்லர் என்ற எழுத்தாளர் தன் வீட்டுத் தோட்டத்துக் கொட்டகையை டிரிப்அட்வைசர் என்ற விமர்சனத் தளத்தில் உணவகம் என்று பதிவு செய்தார். தெரிந்தவர்களை விட்டுப் பாராட்டி எழுத வைத்தார், ஷேவிங் நுரையையெல்லாம் வைத்துப் பலகாரம் மாதிரி படம் எடுத்துப் போட்டார். சில மாதங்களில் அந்தக் கொட்டகை லண்டனிலேயே முதல் இடத்துக்கு வந்துவிட்டது. அங்கே அதுவரை ஒருவருக்கும் சாப்பாடு போட்டதில்லை. மேசை கேட்டுப் போன் மட்டும் வந்துகொண்டே இருந்ததாம்.

அதற்காக விமர்சனங்களைப் பார்க்கவே வேண்டாம் என்று சொல்லவில்லை, நானும் பார்க்கிறேன். ஐந்து நட்சத்திரத்தையும் ஒற்றை நட்சத்திரத்தையும் தள்ளிவிட்டு மூன்று நட்சத்திரம் போட்டவர்களை மட்டும் படிப்பேன். "சாப்பாடு நல்லா இருந்தது, ஆனா..." என்று ஆரம்பிப்பார்கள். அந்த ஆனாவுக்குப் பிறகு வருவதுதான் விஷயம். அது சத்தம் அதிகம் என்று இருந்தால் எனக்குக் கவலையில்லை, ஆறிப்போய் வந்தது என்று இரண்டு பேர் சொல்லியிருந்தால் போக மாட்டேன். தேதியையும் பார்ப்பேன். ஒரு தடவை செம அடி வாங்கியிருக்கிறேன் இதில். ஒரு சின்ன உணவகம், ஆம்லெட்டுக்காகவே போவேன். வெளியே பொன்னிறம்கூட ஏறியிருக்காது, வெட்டினால் உள்ளே இன்னும் கொஞ்சம் அசையும். ஒரு நாள் போனபோது ஓரமெல்லாம் பழுப்பாக, நடுவில் ரப்பர் மாதிரி ஒன்று வந்தது. அவசரத்தில் செய்திருப்பார்கள் என்று விட்டுவிட்டேன். அடுத்த வாரமும் அதே ரப்பர். விசாரித்தால் சமைக்கிறவர் வேலையை விட்டுப் போய் இரண்டு மாதம் ஆகியிருக்கிறது. பலகை அதே பலகை, மேசை விரிப்பு அதே விரிப்பு, நட்சத்திரமும் அப்படியே இருந்தது. போன வருடத்துப் பாராட்டெல்லாம் இப்போது அங்கே இல்லாத ஒரு கைக்குப் போட்டது.

அடுத்து இந்த பிரன்ச். (இதை எப்படி எழுதினாலும் யாராவது ஒருவர் பிரெஞ்சு உணவகம் என்று படித்துவிடுகிறார்.) எந்த உணவகத்தையும் எடை போடுவதற்கு இருப்பதிலேயே மோசமான வேளை இதுதான் என்பது என் கட்சி. 1895இல் கை பெரிங்கர் என்ற ஆங்கிலேயர் ஹன்டர்ஸ் வீக்லி என்ற பத்திரிகையில் இதற்காக வாதாடி ஒரு கட்டுரை எழுதினார். சனிக்கிழமை ராத்திரி கூத்தடித்தவர்கள் ஞாயிற்றுக்கிழமை சீக்கிரம் எழ வேண்டியதில்லை என்பது அவர் சொன்ன நியாயங்களில் ஒன்று. நல்ல நியாயம்தான். ஆனால் அந்தச் சனிக்கிழமை ராத்திரி கூத்தடித்தவர்களுக்குச் சமைத்துப் போட்டவர் என்று ஒருவர் இருக்கிறாரே? வாரத்திலேயே பெரிய கூட்டத்தை நள்ளிரவு வரை சமாளித்துவிட்டு, பெரிய சமையல்காரர் ஞாயிறு காலை தூங்கிக்கொண்டிருப்பார். அடுப்பில் நிற்பது பெரும்பாலும் இளையவர்கள். பத்தரை மணி வரை ஈ ஓட்டுவார்கள், பதினொன்றரைக்கு அத்தனை மேசையும் ஒரே நேரத்தில் நிரம்பும். கேட்பதெல்லாம் முட்டை. முட்டையை முன்கூட்டிச் செய்து வைக்க முடியாது. வைத்தால் உங்களுக்கு வந்த மாதிரி வரும்.

பிரன்ச் பட்டியல்களில் ஹாலண்டேஸ் என்று ஒரு சாஸ் இருக்கும், மஞ்சள் கருவையும் உருக்கிய வெண்ணெயையும் சேர்த்து அடிப்பது. சூடு ஏறினால் முட்டை திரிந்துவிடும், சூடு இறங்கினால் வெண்ணெய் உறைந்து பிரிந்துவிடும். அதனால் வெதுவெதுப்பிலேயே வைத்திருப்பார்கள், கிருமிக்கும் அதே வெதுவெதுப்புதான் பிடிக்கும். கூட்டத்துக்கு நடுவில் புதிதாக அடித்துக் கொடுக்கிற சமையலறை நல்ல சமையலறை. காலையில் அடித்து வைத்ததையே மத்தியானம் வரை ஊற்றுகிற இடங்களும் உண்டு. தட்டின் ஓரத்தில் எண்ணெய் தனியாக, திப்பி தனியாக நின்றால் கரண்டியைக் கீழே வைத்துவிடுங்கள். பஃபே என்றால் இன்னும் சுலபம். சூடாக இருக்க வேண்டியது 60 டிகிரி செல்சியசுக்கு மேல் இருக்க வேண்டும். தெர்மாமீட்டரெல்லாம் வேண்டாம், மூடியைத் தூக்கினால் மூக்குக் கண்ணாடியில் ஆவி படிய வேண்டும். படியவில்லையா, அடுத்த பாத்திரம்.

அதனால் ஒரு இடம் எப்படி என்று தெரிய வேண்டுமானால் தனியாக, சாதாரண நாளில், காலையில் போங்கள். தினமும் காலைச் சாப்பாடு போடுகிற இடமாகப் பார்த்துப் போங்கள், அதுதான் முக்கியம். வாரம் முழுக்க ராத்திரிச் சாப்பாடு மட்டும் போட்டுவிட்டு ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் பிரன்ச் பலகை வைக்கிற இடங்களில் எனக்கு நம்பிக்கை குறைவு. தினம் நூறு முட்டை உடைக்கிற கைக்கும் வாரம் ஒரு நாள் உடைக்கிற கைக்கும் வித்தியாசம் தெரியத்தான் செய்யும். பிடித்திருந்தால் அப்புறம் தோழிகளோடு ஞாயிற்றுக்கிழமை போகலாம், கதவு திறக்கிற நேரத்துக்கே. பதினொன்றரைக்குப் போய் வரிசையில் நின்றுவிட்டு உணவகத்தைக் குறை சொல்வதில் அர்த்தமில்லை, பாதித் தப்பு கடிகாரத்தின் மேல்.

உள்ளே போய் உட்கார்ந்ததும் நான் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "இங்க என்ன நல்லா இருக்கும்?" என்று கேட்கக் கூடாது. எல்லாமே நல்லா இருக்கும் சார் என்று பதில் வரும், வேறு என்ன சொல்வார் பாவம். "இன்னிக்கு எதை வேண்டாம்னு சொல்லுவீங்க?" என்று கேட்பேன். பல இடங்களில் திருதிருவென்று விழிப்பார்கள். ஒரு இடத்தில் பரிமாற வந்த பையன் சமையலறைப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தான், தண்ணீர் ஊற்றுகிற சாக்கில் குனிந்தான், பட்டியலில் மூன்றாவது வரியில் விரலை வைத்து, "இது மட்டும் வேணாம் சார், நேத்து மிஞ்சினது" என்றான். அந்த இடத்துக்கு நாலு வருடமாகப் போய்க்கொண்டிருக்கிறேன். நேற்று மிஞ்சியது எல்லா இடத்திலும்தான் இருக்கும், அதைச் சொல்கிற ஆள் எல்லா இடத்திலும் இல்லை. அவனிடமே, லீவு நாளில் நீ எங்கேப்பா சாப்பிடுவாய் என்றும் கேட்டுவைத்தேன். இன்னும் இரண்டு இடம் கிடைத்தது.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். உணவகத்துக்கு அது சரிப்படாது, அங்கே தினமும் பானை வேறு. மூன்று தடவையாவது போகாமல் நான் ஒரு இடத்தைப் பற்றி வாயைத் திறப்பதில்லை. முதல் தடவை ரொம்ப மோசமாக இருந்தால் இரண்டாவது தடவை போக மாட்டேன்தான், அந்த அளவுக்கு நான் மகான் இல்லை. ஆனால் சுமாராக இருந்தால் இன்னொரு தடவை போவேன். சுமாரில் ஆரம்பித்து நெருக்கமான இடங்கள்தான் என்னிடம் அதிகம்.

நீங்கள் ஆறு வருடத்தை வீணாக்கிவிட்டதாக நினைக்கிறீர்கள், அதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. 1970களில் இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபெயின்மன் நண்பர் ரால்ஃப் லெய்ட்டனோடு சாப்பிட உட்கார்ந்திருந்தபோது, வழக்கமாகப் பிடித்ததையே வாங்குவதா, புதிதாக ஒன்றை முயற்சி செய்வதா என்று பேச்சு வந்தது. மற்றவர்களாக இருந்தால் காசைச் சுண்டிப் போட்டிருப்பார்கள், ஃபெயின்மன் உட்கார்ந்து சமன்பாடு எழுதினார். நான் எளிமையாகச் சொல்கிறேன், கணக்குக்காரர்கள் மன்னிக்கவும்: இன்னும் எத்தனை சாப்பாடு மிச்சம் இருக்கிறது என்பதைப் பொறுத்தது அது. நிறைய இருந்தால் புதிதாகத் தேடுங்கள், கிடைப்பதை மறுபடி மறுபடி அனுபவிக்க நாள் இருக்கிறது. ஊரைவிட்டுக் கிளம்பப் போகிறீர்கள் என்றால் தெரிந்த இடத்துக்கே போங்கள். மூன்று நாள் சுற்றிப் பார்க்க வந்தவருக்கு ஒரு மோசமான பிரன்ச் என்றால் பயணத்தில் ஒரு பங்கு போச்சு. உங்களுக்கு வருடத்துக்கு 52 ஞாயிற்றுக்கிழமை. அதில் மாதத்துக்கு ஒன்றைத் தேடுவதற்கென்று ஒதுக்கி, தோழிகளிடமும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்: இந்த வாரம் சோதனை, நன்றாக இல்லாவிட்டால் என்னைப் பார்க்காதீர்கள். மற்ற மூன்று வாரம் தெரிந்த இடம். உங்கள் பிரச்சினையில் பெரும்பங்கு, ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் புது இடமாகவும் இருக்க வேண்டும், பிரமாதமாகவும் இருக்க வேண்டும் என்று நினைப்பதில் இருக்கிறது.

செயலி, பட்டியல் என்று கேட்டீர்கள். வரைபடச் செயலியில் நீங்களே குறித்துவைப்பதுதான் நான் நம்புகிற பட்டியல். போன இடத்தையெல்லாம் குறியுங்கள், கூடவே ஒரு வரி எழுதுங்கள், எந்த நாள், எத்தனை மணி, என்ன சாப்பிட்டீர்கள், மறுபடி போவீர்களா. நட்சத்திரம் போடாதீர்கள். என்னுடையதில் ஒரு குறிப்பு இப்படி இருக்கிறது: "புதன் காலை 9. முட்டை சூடு. ஜன்னல் பக்கம் வெயில், சுவர் பக்கம் உட்காரவும்." இதை வேறு எவரும் எனக்கு எழுதித் தர மாட்டார்கள்.

அந்த அலுவலக நண்பர் கண்டுபிடித்த இடத்துக்கு இன்னும் போகவில்லை போலிருக்கிறது, கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ரோஷமா? விட்டுத்தள்ளுங்கள், இந்த வாரமே போங்கள், அவரையும் கூட்டிக்கொண்டு.

பின்குறிப்பில் கேட்டதற்கு: சொல்ல மாட்டேன். அங்கே மொத்தமே ஒன்பது மேசைதான் இருக்கிறது.