இலவசமாக வரும் இகுவானா: கூண்டை இ.எம்.ஐ.யில் வாங்கலாமா?

கேள்வி: நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். இருவருக்கும் சேர்த்து மாதம் 84,000 ரூபாய் கைக்கு வருகிறது. வாடகை வீடு. பர்சனல் லோனுக்கு மாதம் 11,400 ரூபாய், இன்னும் 14 மாதம் கட்ட வேண்டும். கிரெடிட் கார்டில் 43,000 ரூபாய் பாக்கி; மாதம் 2,500 கட்டி வருகிறேன். சேமிப்புக் கணக்கில் 90,000, எஃப்.டி.யில் 1,20,000 இருக்கிறது. எல்லாச் செலவும் போக மாதம் 6,000 மிஞ்சும். என் 11 வயது மகனுக்குப் பல்லி, ஓணான் என்றால் உயிர். கூட வேலை செய்யும் நண்பர் ஒருவர் ஐந்து மாதத்தில் கனடா போகிறார். தன்னிடம் உள்ள இரண்டு வயதுப் பச்சை இகுவானாவை இலவசமாகத் தருகிறேன், நீங்களே தத்தெடுத்துக்கொள்ளுங்கள் என்கிறார். ஜன்னலோரக் கண்ணாடித் தொட்டியில் வளர்ந்தது. அது இப்போது போதவில்லை. புதுக் கூண்டுக்கு வெல்டிங் பட்டறையில் 38,000 கேட்கிறார்கள். யு.வி. விளக்கு 4,000. கார்டில் நோ காஸ்ட் இ.எம்.ஐ. போட்டு வாங்கிவிடலாமா? நாங்கள் இதுவரை நாய்கூட வளர்த்ததில்லை.
— ஒரு வாசகி, மடிப்பாக்கம், சென்னை

பதில்: இ.எம்.ஐ. வேண்டாம். இகுவானா வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஐந்து மாத அவகாசம் இருப்பது உங்களுக்கு நல்லது. அதைச் சரியாகப் பயன்படுத்தினால் கடன் இல்லாமலே கூண்டை வாங்கிவிடலாம். ஆனால் பணத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் ஒரு காகிதத்தைப் பற்றிப் பேச வேண்டும். அது இல்லையென்றால் கீழே நான் போடும் கணக்கு எதற்கும் அவசியமே இல்லை.

பச்சை இகுவானா மத்திய, தென் அமெரிக்காவைச் சேர்ந்தது. சைட்டிஸ் என்ற, வன உயிரின வணிகத்துக்கான சர்வதேச ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் வருகிறது. 2022-ல் திருத்தப்பட்டு 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, இப்படிப்பட்ட வெளிநாட்டு உயிரினங்களை வைத்திருப்பவர் அரசிடம் பதிவு செய்தாக வேண்டும். அதற்கான விதிகள் 2024 பிப்ரவரியில் வந்தன. ஏற்கெனவே வைத்திருந்தவர்களுக்கு ஆறு மாதம் கொடுத்தார்கள். புதிதாகக் கைக்கு வருபவர்களுக்கு 30 நாள். பரிவேஷ் 2.0 என்ற மத்திய அரசின் இணையதளம் வழியாக, மாநிலத் தலைமை வனவிலங்குக் காப்பாளரிடம் பதிவாக வேண்டும். ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குக் கைமாறினால் அதையும் தெரிவிக்க வேண்டும்.

ஆகவே நண்பரிடம் முதலில் கேட்க வேண்டியது பதிவுச் சான்றிதழ். "2020-லேயே டிக்ளேர் பண்ணியாச்சு" என்று ஒரு தாளைக் காட்டினால் கவனமாக இருங்கள். 2020 ஜூனில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் தானாக முன்வந்து தெரிவிக்க ஆறு மாதம் வாய்ப்புக் கொடுத்தது உண்மைதான். ஆனால் உங்களுக்கு வரப்போகும் உயிருக்கு வயது இரண்டு. அந்தத் தாளில் உள்ள விலங்கு இதுவாக இருக்க முடியாது. அதற்குப் பிறந்த குட்டி என்றால் அந்தப் பிறப்பும், அது உங்கள் நண்பர் கைக்கு வந்ததும் பதிவாகியிருக்க வேண்டும். கடையில் வாங்கியிருந்தால் பில்லைக் கேளுங்கள். சென்னை விமான நிலையத்தில் பேங்காக்கிலிருந்து வரும் பெட்டிகளில் சுங்கத்துறை திரும்பத் திரும்ப என்ன பிடிக்கிறது என்று செய்திகளில் பார்த்திருப்பீர்கள். அதில் இகுவானாவும் உண்டு. பிடிபடாமல் வந்தவையும் எங்கேயோ விற்கப்படுகின்றன. இந்தச் சட்டத்தை மீறினால் மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். மாதம் 6,000 மிஞ்சும் குடும்பம் இந்த ஆபத்தைத் தோளில் போட்டுக்கொள்ளக் கூடாது. காகிதம் இல்லை, "அப்புறம் பாத்துக்கலாம்" என்றால், அன்பாக மறுத்துவிடுங்கள். அதைச் சரிசெய்ய வேண்டியவர் அவர். கனடா போவதற்குள் வனத்துறையிடம் அவரே பேசட்டும்.

இதைச் சொல்லும்போதே இன்னொன்று. இகுவானா கிடைக்கவில்லை என்று பையன் அழுதால், யாராவது உடும்புக் குட்டியோ பச்சோந்தியோ நட்சத்திர ஆமையோ பிடித்துத் தருகிறேன் என்பார்கள். இவை நம் நாட்டு வனவிலங்குகள். எந்தப் பதிவு செய்தாலும் வீட்டில் வளர்க்க முடியாது.

காகிதம் சரியாக இருக்கிறது என்று வைத்துக்கொண்டு பணத்துக்கு வருகிறேன்.

உங்கள் கிரெடிட் கார்டு பாக்கிக்கு மாதம் 3.5% வட்டி என்று வைத்தால் 1,505 ரூபாய். அதன்மேல் ஜி.எஸ்.டி. 18%. ஆக, நீங்கள் கட்டும் 2,500-ல் ஏறத்தாழ 1,775 வட்டிக்கே போகிறது; அசல் குறைவது 725 ரூபாய். இன்னொரு பக்கம் ஆண்டுக்கு 6-7% அளவில் வட்டி தரும் எஃப்.டி.யை வைத்துக்கொண்டிருக்கிறீர்கள். இந்த வாரமே எஃப்.டி.யில் 43,000-ஐ உடைத்துக் கார்டை முழுதாக அடைத்துவிடுங்கள். முன்கூட்டி எடுப்பதற்கு வங்கி பிடிக்கும் தொகை, நீங்கள் ஒரு மாதம் கட்டும் கார்டு வட்டி அளவுக்குக்கூட வராது. கார்டில் பாக்கி இருக்கும்போது புதிதாக வாங்கும் பொருளுக்கு வட்டியில்லாத நாட்கள் கிடைக்காது. நோ காஸ்ட் இ.எம்.ஐ.யிலும் பிராசஸிங் கட்டணமும், வட்டிப் பகுதிக்கான ஜி.எஸ்.டி.யும் பெரும்பாலும் உங்கள் தலையில்தான் விழும். வெல்டிங் பட்டறைக்காரர் அந்த வசதி தருவாரா என்பதே சந்தேகம். கார்டைத் தேய்த்து ரொக்கமாக எடுத்துக் கொடுக்கும் எண்ணம் இருந்தால், எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடும். அதை அடியோடு விட்டுவிடுங்கள்.

கார்டு அடைந்தபின் உங்களிடம் எஃப்.டி. 77,000, சேமிப்பு 90,000, மொத்தம் 1,67,000 இருக்கும். உங்கள் குடும்பத்தின் இரண்டு மாதச் செலவுக்குச் சற்று மேல். இதில் ஒரு ரூபாயும் இகுவானாவுக்காகத் தொடக்கூடாது. இருவரில் ஒருவருக்கு வேலை போனால் வாடகைக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் இருப்பது இது மட்டும்தான்.

மாத மிச்சம் இப்போது 6,000-த்தோடு 2,500 சேர்ந்து 8,500 ஆகிறது. இதை இரண்டாகப் பிரியுங்கள். 3,500 ரூபாய்க்கு ஓர் ஆர்.டி. தொடங்குங்கள். மீதி 5,000 தனியாகச் சேரட்டும். அந்த 3,500 எங்கிருந்து வந்தது என்று சொல்கிறேன்.

அது இகுவானாவுக்கு ஆகும் மாதச் செலவு. அதில் முதலில் மின்சாரம். வெயில் காயும் இடத்துக்கு 100 வாட் பல்பு பத்து மணி நேரம் எரிந்தால் நாளைக்கு 1 யூனிட். யு.வி.பி. என்ற புற ஊதாக் கதிர் தரும் ட்யூப் 25 வாட், 12 மணி நேரத்துக்கு 0.3 யூனிட். இரண்டு மாத பில்லில் 78 யூனிட் கூடும். இப்போது உங்கள் வீட்டு ரீடிங் 300-க்குள் என்றால் பெரிய வித்தியாசம் தெரியாது. 450 வருகிறது என்றால் 528 ஆகி 500-ஐத் தாண்டும். தமிழ்நாட்டில் 500-ஐத் தாண்டினால் மேலே உள்ள 28 யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறுவதில்லை. 101 முதல் 200 வரையிலான மலிவு விலையும் போய்விடுகிறது. அந்த நூறு யூனிட்டுக்கும் இரட்டிப்பு விலை. எல்லாம் சேர்த்து பில்லில் சுமார் 800 ரூபாய், அதாவது மாதம் 400 கூடும். அதனால் பழைய பில்லை எடுத்துப் பார்த்துவிட்டு, ஃபேன், ஏ.சி. பழக்கத்தில் 30 யூனிட் குறைக்க முடியுமா என்று யோசியுங்கள்.

சென்னையில் இருப்பவருக்கு இதில் ஒரு சலுகை உண்டு. இகுவானாவுக்கு வேண்டிய யு.வி.பி. நம் ஊர் வெயிலில் தாராளமாகக் கிடைக்கிறது. மொட்டை மாடியிலோ பால்கனியிலோ, பாதி நிழல் விழும் கம்பிவலைக் கூண்டில் காலை வெயில் பட்டால் அதற்கு இணையான விளக்கு கிடையாது. ஆனால் கண்ணாடி வழியாக வரும் வெயிலில் யு.வி.பி. இருக்காது, கண்ணாடி அதைத் தடுத்துவிடும். கண்ணாடித் தொட்டியை அப்படியே வெயிலில் தூக்கி வைத்தால் உள்ளே வெந்து செத்துப்போகும். ட்யூபும் எரிந்துகொண்டிருக்கும் வரை வேலை செய்கிறது என்று நினைக்காதீர்கள். வெளிச்சம் இருக்கும், யு.வி.பி. மட்டும் குறைந்துகொண்டே போகும். ஆண்டுக்கு ஒரு முறை மாற்ற 4,000 என்றால், மாதம் 330 ரூபாய்.

சாப்பாடு உங்களுக்குச் சுலபம். இது முழுச் சைவம். முருங்கைக்கீரை, செம்பருத்தி இலையும் பூவும், பரங்கிக்காய்த் துருவல் போதும். தெருவில் ஒரு முருங்கை மரமும் பூச்சிமருந்து படாத செம்பருத்திச் செடியும் இருந்தால் செலவு பாதியாகிவிடும். பாலக்கீரையை முக்கிய உணவாக்க வேண்டாம். அதிலுள்ள ஆக்சலேட் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். முட்டை, புழு, இறைச்சி எதுவும் கொடுக்கக் கூடாது, சிறுநீரகம் கெடும். கால்சியம் பொடியும் சேர்த்து 900 ரூபாய் ஒதுக்குங்கள். ஆண்டுக்கு இரண்டு மருத்துவப் பரிசோதனைக்கு மாதம் 370. ஆக 2,000.

மீதி 1,500 மருத்துவ நிதி. செல்லப்பிராணிக் காப்பீடு என்று நம் நாட்டில் விற்பது பெரும்பாலும் நாய்க்கும் பூனைக்கும்தான். ஊர்வனவற்றுக்கு நீங்களே உங்கள் காப்பீட்டு நிறுவனம். என்னிடம் ஆலோசனைக்கு வரும் ஒரு குடும்பத்தின் செலவுக் கோப்பில் இதை நேராகப் பார்த்தேன். ஹாலில் ஜன்னலோரம், நல்ல வெளிச்சத்தில், கண்ணாடித் தொட்டியில்தான் இகுவானா இருந்தது. நன்றாகவே சாப்பிட்டது. கீழ்த்தாடை ரப்பர் போல வளைய ஆரம்பித்ததும்தான் மருத்துவரிடம் ஓடினார்கள். எக்ஸ்ரே, கால்சியம் ஊசி, மறுபடி எக்ஸ்ரே என்று ரசீதுகள் அடுக்கியிருந்தன. யு.வி.பி.யும் கால்சியமும் குறைந்தால் எலும்பு மெலியும் நோய் அது. விரல் நடுக்கம், கால் வீக்கம், மென்மையான தாடை ஆகியவை அடையாளம். உங்களுக்கு வரப்போகும் இகுவானாவும் இரண்டு வருடம் ஜன்னலோரக் கண்ணாடித் தொட்டியில் இருந்திருக்கிறது என்பதால்தான் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்.

அதனால் நண்பரிடம் ஒன்றைத் தயங்காமல் கேளுங்கள். ஒப்படைப்பதற்கு முன் ஊர்வன பார்க்கத் தெரிந்த கால்நடை மருத்துவரிடம் அவர் செலவில் எக்ஸ்ரேயோடு ஒரு முழுப் பரிசோதனை. பதினைந்து வருடப் பொறுப்பை உங்களிடம் தந்துவிட்டுப் போகிறார். இது அதிகப்படியான கோரிக்கை ஆகாது. எல்லாக் கால்நடை மருத்துவரும் இகுவானா பார்ப்பதில்லை. வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் விசாரித்து ஆரம்பியுங்கள். ஆணா பெண்ணா என்றும் அங்கேயே தெரிந்துகொள்ளுங்கள். பெண் இகுவானா ஆண் துணை இல்லாமலே முட்டை வைக்கும். முட்டை உள்ளே சிக்கினால் அறுவை சிகிச்சை வரை போகும். பெண் என்றால் மருத்துவ நிதியை 1,500-லிருந்து 2,000 ஆக்குங்கள்.

ஐந்து மாதம் கழித்து ஆர்.டி.யில் 17,500, தனிச் சேமிப்பில் 25,000, மொத்தம் 42,500 இருக்கும். கூண்டு 38,000, விளக்கு 4,000. ரொக்கமாகவே முடிந்துவிடும். அட்வான்ஸ் கொடுக்குமுன் பட்டறையில் அளவைச் சரிபாருங்கள்: வளர்ந்த இகுவானா வால் நுனி வரை ஐந்து, ஆறு அடி வரும். ஆறடி நீளம், மூன்றடி அகலம், ஆறடி உயரத்துக்குக் குறைந்து செய்யாதீர்கள். மரமேறி வாழும் உயிர் என்பதால் உயரம் முக்கியம். சிறியதாகச் செய்தால் இரண்டு வருடத்தில் இன்னொரு 38,000 வரும். வீட்டு உரிமையாளரிடம் எழுத்தில் சம்மதம் வாங்கியபிறகே அட்வான்ஸ் கொடுங்கள்.

அந்த ஐந்து மாதத்தில் ஏதாவது ஒரு மாதம் 3,500 ரூபாய் ஆர்.டி. தவணையைக் கட்ட முடியாமல் போனால், உங்கள் பட்ஜெட்டில் இகுவானாவுக்கு இப்போது இடமில்லை என்று பொருள். அதை அது வீட்டுக்கு வருமுன்பே தெரிந்துகொள்வது நல்லது. வந்தபின் தவணையைத் தள்ளிப்போடலாம். பல்பையும் கீரையையும் தள்ளிப்போட முடியாது. 14 மாதம் கழித்து லோன் முடிந்ததும் 11,400 விடுபடும். முதல் வேலையாக அவசர நிதியை ஆறு மாதச் செலவுக்கு உயர்த்துங்கள்.

மகனோடு உட்கார்ந்து பேச வேண்டியதும் உண்டு. நன்றாகப் பார்த்துக்கொண்டால் இகுவானா 15 வருடம், அதற்கு மேலும் இருக்கும். அவன் கல்லூரிக்கு விடுதிக்குப் போகும்போது அதற்கு வயது ஒன்பதுதான். அதன்பின் கூண்டைக் கழுவப் போவது நீங்கள். உங்களுக்கே அந்த ஆசை இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மாதம் 3,500 என்றால் இன்றைய விலையிலேயே பதினைந்து வருடத்துக்கு 6,30,000 ரூபாய். ஊர்வனவற்றின் உடலில் சால்மொனெல்லா கிருமி இருக்கும். தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், அதன் பாத்திரத்தைச் சமையலறைத் தொட்டியில் கழுவக் கூடாது. வீட்டில் ஐந்து வயதுக்குக் கீழ் குழந்தையோ எதிர்ப்புச் சக்தி குறைந்தவரோ இருந்தால் வேண்டாம் என்றே சொல்வேன்.

காகிதம் வரவில்லை, அல்லது பரிசோதனையில் நோய் தெரிந்து உங்களால் தாங்க முடியாது என்று ஆனால், சேர்த்த 42,500 வீணாகாது. வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவிலும் கிழக்குக் கடற்கரைச் சாலை முதலைப் பண்ணையிலும் விலங்குகளைத் தத்தெடுக்கும் திட்டம் உண்டு. ஒரு தொகை கட்டினால் விலங்கு அங்கேயே இருக்கும், அதன் பராமரிப்புக்குப் பணம் போகும். வண்டலூரில் கட்டும் தொகைக்கு நன்கொடைக்கான வருமான வரிச்சலுகை கிடைக்கும். ஆனால் பழைய வரிமுறையில் இருப்பவர்களுக்கு மட்டும். நீங்கள் எந்த முறையில் இருக்கிறீர்கள் என்று அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். பையன் பெயரில் ஒரு வருடத்துக்குக் கட்டிவிட்டு, மீதியை அவசர நிதியில் சேர்த்துவிடுங்கள்.