பவர் பத்திரத்தை ரத்து செய்தால் மட்டும் போதுமா?

கேள்வி: தக்கலைப் பக்கம் என் பெயரில் உள்ள 23 சென்ட் தென்னந்தோப்பை விற்றுத் தர 2016-இல் என் கொழுந்தனுக்குப் பவர் கொடுத்தேன். பதிவு செய்த பத்திரம்தான். இப்போது அவர் யார் யாரிடமோ அட்வான்ஸ் வாங்குவதாகக் கேள்விப்படுகிறேன். அசல் அவரிடம் இருக்கிறது. ரத்துக்குக் கையெழுத்துப் போட வரமாட்டேன் என்கிறார். என்ன செய்வது?
– வாசகி, தக்கலை

பதில்: அவர் கையெழுத்தும் வேண்டாம், அவரிடம் இருக்கும் அசலும் வேண்டாம். அதிகாரம் கொடுத்தவர் நீங்கள். அதைத் திரும்ப எடுக்க நீங்கள் ஒருவர் போதும். பவர் எந்தச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவானதோ அங்கேயே ரத்துப் பத்திரத்தையும் பதிவு செய்யுங்கள்.

அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. பவர் பதிவான நாளிலிருந்து நேற்று வரைக்கும் அந்தச் சொத்துக்கு வில்லங்கம் (அதன் மீது பதிவான பத்திரங்களின் பட்டியல்) போட்டுப் பாருங்கள். பதிவுத்துறை இணையதளத்தில் காசில்லாமலே பார்க்கலாம். கொழுந்தன் ஏற்கெனவே கிரையமோ கிரைய ஒப்பந்தமோ பதிவு செய்திருந்தால் அதில் தெரிந்துவிடும். அப்படி ஒன்று இருந்தால் நிலைமை வேறு. பவர் உயிரோடு இருந்தபோது, அதில் கொடுத்த அதிகாரத்துக்கு உட்பட்டு அவர் செய்தது உங்களைக் கட்டுப்படுத்தும். ரத்து அதைப் பின்னோக்கிப் போய் அழிக்காது (இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 204). அட்வான்ஸ் விஷயத்தில் இதுதான் பயப்பட வேண்டிய இடம். கிரைய ஒப்பந்தத்தைக் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2012-இல் சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் வெறும் முத்திரைத்தாளில் எழுதிக் கொடுத்த ஒப்பந்தம் வில்லங்கத்தில் வராது. அதை வைத்துக்கொண்டு நீதிமன்றம் போகிறவர்களும் உண்டு. அதனால் கேள்விப்பட்ட பெயர்களை இப்போதே குறித்து வையுங்கள்.

பவரின் சான்றிட்ட நகலுக்கு விண்ணப்பித்து வாங்கி, அதைப் பார்த்தே ரத்துப் பத்திரத்தை எழுதச் சொல்லுங்கள். பழைய ஆவண எண், ஆண்டு, அலுவலகம், முகவரின் (பவர் வாங்கியவரின்) முழுப் பெயர், முகவரி எல்லாம் அதில் உள்ளபடியே வர வேண்டும். நம் மாவட்டத்தில் அதிகம் தவறுவது சொத்து விவரத்தில்தான். பழைய சர்வே எண்ணை மட்டும் எழுதி ரீசர்வே எண்ணை (மறு அளவையில் கொடுத்த புது எண்ணை) விட்டுவிடுவார்கள், அல்லது "மேற்படி பவரில் கண்ட சொத்து" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். பிறகு வாங்க வருகிறவர் ரீசர்வே எண்ணைப் போட்டு வில்லங்கம் பார்ப்பார். பவர் தெரியும், ரத்து தெரியாது. இரண்டு எண்ணையும், பரப்பையும், நான்கு எல்லையையும் முழுதாக எழுதச் சொல்லுங்கள். அசலைத் திருப்பித் தர வேண்டும், இதுவரை வாங்கிய பணத்துக்குக் கணக்குத் தர வேண்டும் என்ற இரண்டு வாசகங்களும் இருக்கட்டும். கேட்கும்போது கணக்குக் காட்டுவது முகவரின் கடமை (அதே ஒப்பந்தச் சட்டம், பிரிவு 213).

ரத்துப் பத்திரத்துக்கு முன்பு 50 ரூபாயாக இருந்த முத்திரைத் தீர்வை, 2024-இல் உயர்த்தப்பட்ட பிறகு 1,000 ரூபாய். பதிவுக் கட்டணம் தனி. ஆதார் அட்டையும், அடையாள அட்டையோடு இரண்டு சாட்சிகளும் வேண்டும். உங்களால் நடமாட முடியாத நிலை என்றால், மருத்துவச் சான்றோடு விண்ணப்பித்து சார்பதிவாளரையே வீட்டுக்கு வரவழைக்கப் பதிவுச் சட்டம் 31-ஆம் பிரிவு இடம் தருகிறது.

பலரும் இதோடு வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். முடியவில்லை. ஒப்பந்தச் சட்டம் 208-ஆம் பிரிவின்படி, முகவருக்குத் தெரிந்த பிறகுதான் அவரைப் பொறுத்தவரை ரத்து அமலுக்கு வரும். அவரோடு பேரம் பேசும் வெளியாட்களுக்கு, அவர்களுக்குத் தெரிந்த பிறகுதான். பத்திரம் உங்கள் அலமாரியில் இருந்தால் யாருக்குத் தெரியும்? பதிவு முடிந்த அன்றே நகலோடு கொழுந்தனுக்கு நோட்டீஸ் அனுப்புங்கள். பதிவு அஞ்சல் இப்போது விரைவு அஞ்சலோடு சேர்ந்துவிட்டதால், விரைவு அஞ்சலில் பதிவு வசதியும் ஒப்புகையும் கேட்டு வாங்குங்கள். பவரில் கண்ட முகவரிக்கு ஒன்று, இப்போது குடியிருக்கும் முகவரிக்கு ஒன்று. "வாங்க மறுத்தார்" என்று திரும்பி வந்தால் உறையைப் பிரிக்காதீர்கள். சரியான முகவரிக்கு அனுப்பியதை மறுத்தால், பெற்றுக்கொண்டதாகவே நீதிமன்றம் பொதுவாக எடுத்துக்கொள்ளும். அந்த உறையே சாட்சி. நாகர்கோவில் பதிப்பு உள்ள ஒரு தினசரியில் சர்வே எண்களோடு பொது அறிவிப்புக் கொடுங்கள். அட்வான்ஸ் கொடுத்ததாகக் கேள்விப்பட்டவர்களுக்கு, பத்திரிகையை நம்பாமல் தனித்தனியாக நோட்டீஸ் அனுப்புங்கள். தோப்பைக் குத்தகைக்கு எடுத்தவர் இருந்தால் அவருக்கும் ஒன்று.

கேள்வி: குவைத்தில் வேலை பார்க்கிறேன். குளச்சல் வீட்டை விற்க மச்சானுக்குக் கொடுத்த பவரை ரத்து செய்ய வேண்டும். ஊருக்கு வர ஆறு மாதமாகும். அம்மா மட்டும்தான் அங்கே இருக்கிறார்.
– வாசகர், குளச்சல்

பதில்: ஆறு மாதம் காத்திருக்க வேண்டாம். "இந்தப் பவரை ரத்து செய்து, அந்தப் பத்திரத்தில் என் சார்பாகக் கையெழுத்திட்டுப் பதிவு செய்ய" என்று அந்த ஒரு வேலைக்கு மட்டும் அம்மாவுக்குத் தனி அதிகாரம் எழுதி, குவைத்திலுள்ள இந்தியத் தூதரகத்தில் அதிகாரி முன் கையெழுத்திட்டுச் சான்று பெறுங்கள். அது இந்தியாவுக்கு வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் முத்திரைத் தீர்வை செலுத்தியாக வேண்டும். வந்து சேர்ந்த நாளைக் காட்ட அஞ்சல் உறையைப் பத்திரமாக வைக்கச் சொல்லுங்கள். பிறகு அம்மாவே ரத்துப் பத்திரம் பதிவு செய்யலாம்.

இதற்குச் சில வாரம் போகும். அதற்குள் மச்சான் விற்றுவிட்டால்? இன்றைக்கே அவருக்கு "பவரை ரத்து செய்துவிட்டேன், இனி என் சார்பாக எதுவும் செய்யக் கூடாது" என்று வாட்ஸ்அப்பிலும் மின்னஞ்சலிலும் எழுதிவிடுங்கள். அதையே தாளில் எழுதிக் கையெழுத்திட்டு, அம்மா மூலம் விரைவு அஞ்சலில் அவருக்கும் சார்பதிவாளருக்கும் அனுப்புங்கள். தெரிந்த பிறகும் அவர் கையெழுத்திட்டால், மோசடி என்று மாவட்டக் குற்றப்பிரிவில் புகார் கொடுக்க அந்தச் செய்தியே முதல் ஆதாரம்.

உங்கள் கையில் இன்னொரு கடிவாளமும் உண்டு. தமிழ்நாட்டில் முகவர் கிரையம் பதிவு செய்ய வந்தால், அதிகாரம் கொடுத்தவர் உயிரோடிருக்கிறார் என்று 30 நாளுக்குள் வாங்கிய உயிர்வாழ் சான்றைக் காட்ட வேண்டும். யார் என்ன காரணம் சொல்லிக் கேட்டாலும் அந்தச் சான்றை அனுப்பாதீர்கள். ஆனால் போலிச் சான்று வராது என்று அதை மட்டும் நம்பி உட்கார்ந்துவிடவும் கூடாது.

கேள்வி: 2009-இல் 40 சென்ட் ரப்பர் நிலத்துக்கு முழுப் பணமும் வாங்கிக்கொண்டு, கிரையத்துக்குப் பதிலாகப் பவர் எழுதிக் கொடுத்தேன். அவர் இன்னும் கிரையம் செய்யவில்லை. நிலம் இன்றும் என் பெயரில்தான். ரத்து செய்யலாமா?
– வாசகர், குலசேகரம்

பதில்: பவரை வைத்து நிலம் அவருக்குச் சொந்தமாகிவிடாது என்று சூரஜ் லாம்ப் வழக்கில் 2011 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. அதைக் கேட்டுத்தான் உங்களுக்கு இந்த எண்ணம் வந்திருக்கும். ஆனால் முகவருக்கே அந்தச் சொத்தில் உரிமை கலந்திருந்தால், அவர் நலனைக் கெடுக்கும்படி பவரை ரத்து செய்ய முடியாது என்கிறது ஒப்பந்தச் சட்டத்தின் 202-ஆம் பிரிவு. பவரிலோ கூட எழுதிய ஒப்பந்தத்திலோ பணம் பெற்ற விவரம் இருந்தால், ரத்துப் பத்திரம் பதிவானாலும் வழக்கில் நிற்பது கடினம். நிலம் அவர் அனுபவத்தில் இருந்தால் இன்னும் கடினம். விலை ஏறியதற்காக, பணம் கொடுத்தவரை வெளியேற்றச் சட்டத்தில் வழி தேட வேண்டாம். அவரைக் கூப்பிட்டு, பதிவுச் செலவை அவர் ஏற்க, நீங்களே நேரடியாகக் கிரையம் எழுதிக் கொடுங்கள். இருவருக்கும் வழக்கில்லாத வழி அதுதான்.

கேள்வி: பவர் கொடுத்த அப்பா போன மாதம் இறந்துவிட்டார். வாரிசுகள் நாங்கள் ரத்துப் பத்திரம் எழுத வேண்டுமா?
– வாசகி, ஆரல்வாய்மொழி

பதில்: வேண்டாம். விற்றுக் கொடுக்க மட்டும் கொடுத்த சாதாரணப் பவர் என்றால், கொடுத்தவரின் மரணத்தோடு அதுவும் முடிந்தது. ஆனால் முகவருக்குத் தெரிவிக்காமல் இருந்துவிடாதீர்கள். இறப்புச் சான்று நகலோடு முகவருக்கும், பவர் பதிவான சார்பதிவாளருக்கும் எழுத்தில் தெரிவித்து, மனுவின் இரண்டாம் பிரதியில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். வாரிசுச் சான்று வரும்வரை இதைத் தள்ளிப் போட வேண்டியதில்லை.