வெள்ளிக்கடைக்காரர் மகள் தேர்ந்தெடுத்த வேலை: ஒரு தந்தைக்குப் பதில்

அன்புள்ள ஐயா, வணக்கம்.

சென்ற வாரம் மகளை அழைத்துக்கொண்டு கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு வந்திருந்தீர்கள். அவள் வெளியே சென்ற ஐந்து நிமிடத்தில் நீங்கள் தாழ்ந்த குரலில் கேட்ட கேள்விக்கு அன்று நான் சொன்ன பதில் எனக்கே நிறைவாக இல்லை. "கணினி வேலைக்குப் போவாள் என்றுதான் பி.சி.ஏ. சேர்த்தேன். இவளோ மாற்றுத்திறனாளிகள் பயன்படுத்தும்படி இணையதளத்தைச் சரிசெய்யும் வேலைக்குப் போகிறேன் என்கிறாள். அது புண்ணியக் காரியம், இல்லை என்று சொல்லவில்லை. அதில் சம்பாத்தியம் உண்டா?" என்று கேட்டீர்கள். திருப்பாதிரிப்புலியூரில் சிறிய கடை வைத்து, பின்கட்டில் பட்டறையும் நடத்தி மகளைப் படிக்க வைப்பவர் கேட்க வேண்டிய கேள்விதான் அது. ஆகவே விரிவாகவே எழுதுகிறேன்.

அணுகல்தன்மை என்று அழைக்கப்படும் இந்தத் துறை கணினி வேலைக்கு வெளியே இருக்கும் தொண்டு என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிடுங்கள். இணையதளங்களை வடிவமைக்கும் விதிகளை வகுக்கும் டபிள்யூ3சி என்ற உலக அமைப்பு, பார்வை, செவி, கை அசைவு, புரிதல் ஆகியவற்றில் குறைபாடு உள்ளவர்களும் பயன்படுத்தும்படி தளங்கள் எப்படி அமைய வேண்டும் என்று வழிகாட்டுநெறிகளை வெளியிட்டு வருகிறது. அவற்றின் 2.0 பதிப்பு 2008இலும், 2.1 பதிப்பு 2018இலும், 2.2 பதிப்பு 2023 அக்டோபரிலும் வந்தன. நம் நாட்டில் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்று, அரசுக்கு மட்டுமன்றித் தனியார் சேவையாளர்களுக்கும் பொறுப்பை விதித்தது. ஐஎஸ் 17802 என்ற இந்தியத் தரநிலையும் இதற்கென்றே இருக்கிறது. 2025 ஏப்ரல் 30 அன்று, அமில வீச்சில் பாதிக்கப்பட்டவர்களும் பார்வையற்றவர்களும் இணையவழி அடையாளச் சரிபார்ப்பில் படும் துன்பம் பற்றிய வழக்கில், டிஜிட்டல் அணுகல் அரசமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு ஜூன் 28 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் இணையக் கடைகள் உட்பட்ட சேவைகளுக்கு அணுகல்தன்மை சட்டக் கட்டாயமாயிற்று. அங்குள்ள நிறுவனங்களுக்கு மென்பொருள் எழுதித் தரும் நம் ஊர்க் குழுக்களும் இனி அந்த அளவுகோலைக் கற்றே ஆக வேண்டும். வேலை எங்கிருந்து வரும் என்ற உங்கள் ஐயத்துக்கு முதல் பதில் இதில் இருக்கிறது.

இரண்டாவது பதில் உங்கள் கடையிலேயே இருக்கிறது. அன்று என் மேசையில் உங்கள் மகள் செய்து காட்டியதை நினைத்துப் பாருங்கள். உங்கள் கடையின் இணையப் பக்கத்தைக் கைபேசியில் திறந்து, ஆண்ட்ராய்டிலேயே உள்ள டாக்பேக் என்ற திரைவாசிப்பானை, அதாவது திரையில் உள்ளதைக் குரலில் படித்துச் சொல்லும் மென்பொருளை, இயக்கி, திரையைக் கீழே கவிழ்த்து வைத்துவிட்டு, இனிக் காதால் மட்டும் கேளுங்கள் என்றாள். "ஐஎம்ஜி, அடிக்கோடு, பூஜ்யம், பூஜ்யம், நான்கு, ஒன்று, இணைப்பு" என்றது குரல். அடுத்து, "பெயரிடப்படாத பொத்தான்". அதற்கடுத்தும் அதே சொல். நீங்கள் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "41ஆவது படம் எங்கள் அப்பா காலத்து அச்சில் வார்த்த கொலுசு" என்றீர்கள். இரண்டு தலைமுறை உழைப்பு பார்வையற்ற ஒருவருக்கு ஒரு கோப்பு எண்ணாகப் போய்ச் சேருகிறது என்பதை அந்தக் கணத்தில் நீங்கள் உணர்ந்ததை உங்கள் முகத்தில் கண்டேன்.

அந்தக் கொலுசுக்கு என்ன எழுதினால் அது கொலுசாகும் என்பதுதான் இந்தத் தொழிலின் சாரம். படத்துக்குப் பின்னால் எழுதப்படும் மாற்று உரையில் "வெள்ளிக் கொலுசு" என்று மட்டும் எழுதினால், கடையில் நூறு கொலுசு இருக்கும்போது அது எதற்கும் உதவாது. "தட்டைப் பின்னல் வெள்ளிக் கொலுசு, இலை வடிவ அச்சு, அடியில் நெருக்கமாகக் கோத்த சலங்கை" என்று எழுதினால் ஓர் உருவம் கிடைக்கிறது. நீளம், எடை, சலங்கை எத்தனை, நடந்தால் ஓசை கேட்குமா, பூட்டுவது திருகாணியா கொக்கியா, ஒரு கையால் மாட்ட முடியுமா என்பவற்றைப் படத்துக்குக் கீழே எல்லோரும் படிக்கும்படி எழுத்தாகவே தர வேண்டும். பார்வை இழந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் எனக்குப் பல ஆண்டுகளாகப் பழக்கம். பேத்திக்குத் தோடு வாங்க ஒரு பெரிய இணையக் கடையில் அவர் தேடியபோது நான் அருகில் இருந்தேன். கல் எது, விலை என்ன என்பதெல்லாம் அவருக்குக் கிடைத்தது. "இதன் தண்டு குழந்தையின் காதுக்குத் தடிமனா, திருகாணியின் முனை பின்னால் குத்துமா?" என்ற கேள்விக்கு மட்டும் அந்தப் பக்கத்தில் எங்கும் விடை இல்லை. விரலால் தடவிப் பார்த்து வாங்கியவர்கள் கேட்கும் கேள்வி அது. அதற்கு விடை எழுதப் பட்டறை தெரிந்த ஒருவர் வேண்டும். உங்கள் மகளுக்குக் கிடைத்திருக்கும் மூலதனம் அதுதான். கல்லூரியில் அவளோடு படிப்பவர்களில் எத்தனை பேருக்குச் செய்கூலிக்கும் சேதாரத்துக்கும் வேறுபாடு தெரியும்?

முழுப் பார்வையின்மையோடு மட்டும் இது முடிவதில்லை. நகைக் கடைகள் சந்தன நிறப் பின்னணியில் பொன்னிற எழுத்தை விரும்பி அமைக்கின்றன. சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே 4.5க்கு 1 என்ற வேறுபாடு வேண்டும் என்பது வழிகாட்டுநெறி. வெள்ளையின் மேல் வழக்கமான பொன்னிறம் 2க்கு 1 என்ற அளவையே ஒட்டி நிற்கும், முதுமையில் கண் மங்கியவர்களுக்கு அங்கே விலையே தெரியாது. சிவப்புக் கல், பச்சைக் கல் என்ற தேர்வை இரண்டு வண்ண வட்டங்களால் மட்டும் காட்டினால், நிறக்குறைபாடு உள்ளவர் கெம்பு கேட்டு மரகதம் வாங்கிவிடுவார். வட்டத்தின் அருகே கல்லின் பெயரை எழுதினால் போதும். கை நடுங்குபவருக்கு விலை வரம்பை இழுத்து நகர்த்தும் பட்டை பெருந்தொல்லை, தொகையைத் தட்டச்சு செய்ய ஒரு கட்டம் வேண்டும். பொத்தான்கள் குறைந்தது 24க்கு 24 பிக்சல் இருக்க வேண்டும் என்று 2.2 பதிப்பு சொல்கிறது. "விலைக்கு அழைக்கவும்" என்று தொலைபேசி எண்ணை மட்டும் போடும் கடை, காது கேளாதவரை வாசலிலேயே நிறுத்திவிடுகிறது.

தங்கம் விற்கும் தளங்களில் ஒரு தனிச் சிக்கலும் உண்டு. விலை மாறிக்கொண்டே இருப்பதால், பணம் செலுத்தச் சில நிமிடமே தருவார்கள். திரைவாசிப்பானில் முகவரியை மெல்ல நிரப்பி, ஒருமுறைக் கடவுச்சொல்லைத் தேடி எடுத்து வருவதற்குள் நேரம் முடிந்து பக்கம் வெறுமையாகிவிடும். அந்த ஆசிரியைக்கு இது இருமுறை நடந்தது. மூன்றாம் முறை அவர் என்னிடமே கைபேசியைக் கொடுத்துவிட்டார், எனக்கு அது இன்றும் உறுத்துகிறது. விலை மாறலாம், அதில் தவறில்லை. நேரம் முடியப்போகிறது என்று முன்கூட்டியே சொல்லி, நீட்டிக்க வழி தந்து, தேர்ந்த பொருளையும் எழுதிய முகவரியையும் அழிக்காமல் வைத்திருப்பது நிரலாளருக்குப் பெரிய வேலை இல்லை. பில்லைப் படமாக எடுத்து அனுப்புவதும் இதே வகைத் தவறு. தங்க நகைக்கு 2023 ஏப்ரல் முதல் கட்டாயமான எச்யூஐடி, அதாவது ஒவ்வொரு நகைக்கும் தனியாகத் தரப்படும் ஆறு இலக்க ஹால்மார்க் குறியீடு, பில்லில் எழுத்தாக இருந்தால், பார்வையற்றவரும் அதை நகலெடுத்து இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பிஐஎஸ் கேர் செயலியில் தாமே சரிபார்த்துக்கொள்ளலாம்.

தமிழ் தெரிந்தவர்களுக்கென்றே காத்திருக்கும் வேலையும் இதில் இருக்கிறது. நம் பக்கத்துக் கடைகள் சில இன்னும் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தமிழைப் போடுகின்றன. கண்ணுக்குத் தமிழாகத் தெரிவது திரைவாசிப்பானுக்கு வெறும் ஆங்கில எழுத்துக் குவியல். ஒருங்குறியில் (யூனிகோடில்) எழுதிய பக்கத்திலும், இது தமிழ் என்று நிரலில் குறிக்காவிட்டால் வாசிப்பான் ஆங்கிலக் குரலில் தடுமாறக்கூடும். "ஜிமிக்கி", "மாட்டல்", "நெத்திச்சுட்டி" என்று செயற்கைக் குரல் ஒழுங்காக ஒலிக்கிறதா என்று கேட்டுப் பார்த்துத் திருத்த வேறு யார் வருவார்கள்?

இனி அவள் என்ன படிக்க வேண்டும் என்பது. அணுகல்தன்மைச் சோதனையாளர் என்ற பெயரிலேயே புதியவர்களுக்கு நிறைய இடங்கள் கிடைக்கும் என்று உங்களுக்கு நான் உறுதி சொல்ல மாட்டேன். முதல் வேலை பெரும்பாலும் மென்பொருள் சோதனைப் பிரிவிலோ இணைய முகப்பு உருவாக்கத்திலோதான் அமையும். ஆகவே இணையப் பக்கங்களை உருவாக்கும் எச்டிஎம்எல், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட் மூன்றும் கைக்குப் பழகியிருக்க வேண்டும். அந்த அடித்தளம் இல்லாமல் அணுகல்தன்மையை மட்டும் படிப்பது, பொடி வைத்து நகையைப் பற்றவைக்கத் தெரியாமல் மெருகு போடக் கற்பதைப் போன்றது. அதற்கு மேல், டபிள்யூ3சி இலவசமாகத் தரும் அடிப்படைப் பாடத்தை இந்த விடுமுறைக்குள் அவள் முடித்துவிடலாம். விண்டோஸ் கணினிக்கான என்விடிஏ என்ற திரைவாசிப்பான் இலவசம். 2006இல் அதைத் தொடங்கியவர் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பார்வையற்ற நிரலாளர் மைக்கேல் கரன். தினமும் ஒரு மணி நேரம், கணினியின் சுட்டியைத் (மவுஸைத்) தொடாமல், திரையை அணைத்துவிட்டு, ஏதாவது ஒரு கடையில் பொருள் தேர்ந்து பணம் செலுத்தும் பக்கம் வரை அவள் போய்ப் பழக வேண்டும். எங்கே தடைபட்டது, எந்த விதி மீறப்பட்டது, எப்படித் திருத்துவது என்று ஒவ்வொரு தடைக்கும் ஒரு குறிப்பு எழுதட்டும். நேர்காணலில் சான்றிதழைவிட அந்தக் குறிப்பேடு பேசும். ஐஏஏபி என்ற அணுகல்தன்மை வல்லுநர்களின் பன்னாட்டுச் சங்கம் நடத்தும் தேர்வுகள் நல்லவைதான், ஆனால் ஓராண்டு வேலை பார்த்த பின் அவள் சொந்தச் சம்பளத்தில் எழுதட்டும். அதுவரை எந்தப் பயிற்சி நிலையத்துக்கும் பெருந்தொகை கட்ட வேண்டாம்.

ஒரு வரி நிரலை ஒட்டிவிட்டால் தளம் முழுதும் தானே சரியாகிவிடும் என்று விற்கப்படும் கருவிகளையும் நம்ப வேண்டாம். அப்படி விளம்பரம் செய்த ஒரு நிறுவனத்தை 2025இல் அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் பத்து லட்சம் டாலர் கட்ட வைத்தது. தானியங்கிச் சோதனைக் கருவி மாற்று உரை இருக்கிறதா என்று பார்க்கும். அந்த உரை கொலுசைச் சொல்கிறதா என்று அதனால் முடிவாகச் சொல்ல முடியாது.

முதல் தளமாக உங்கள் கடையின் பக்கத்தையே அவளிடம் ஒப்படைத்துவிடுங்கள். மாலையில் கடை சாத்திய பின் ஒவ்வொரு நகையாகக் கையில் எடுத்து நீங்கள் சொல்லச் சொல்ல அவள் எழுதட்டும். ஒரு நாளைக்கு ஐந்து நகை போதும். எழுதி முடித்த பக்கத்தைப் பார்வையற்ற ஒருவரையும் கை அசைவுக் குறைபாடு உள்ள ஒருவரையும் கொண்டு சோதியுங்கள். அவர்களின் நேரத்துக்குக் கூலி கொடுங்கள், பட்டறையில் மெருகு போடுபவருக்குக் கொடுப்பதைப் போல. இதை இலவச உதவியாகக் கேட்கக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

அடுத்த மாதம் இரண்டாம் சனிக்கிழமை காலை இருவரும் வாருங்கள். அந்த ஆசிரியையையும் வரச் சொல்லியிருக்கிறேன். 41ஆவது படத்தின் கொலுசை மறக்காமல் கொண்டு வாருங்கள். மகள் எழுதியதை முதலில் அவர் கைபேசியில் கேட்கட்டும், அதன் பிறகு கொலுசை அவர் கையில் கொடுப்போம். தாம் கேட்டதும் கையில் இருப்பதும் ஒன்றுதானா என்று அவரே சொல்லட்டும்.