துபாய் ஃபிளாட்டுக்கு கார்டில் புக்கிங் பணம் கட்டிவிட்டோம், இனி என்ன செய்வது?

கேள்வி: பெங்களூரு கே.ஆர். புரத்தில் இருக்கிறோம், சொந்த ஊர் கோவை. வரும் ஜனவரியில் கணவரை துபாய் கிளைக்கு மாற்றுவதாக அவருடைய கம்பெனியில் வாய்மொழியாகச் சொல்லியிருக்கிறார்கள். போன வாரம் எம்.ஜி. ரோடு பக்கம் ஒரு ஹோட்டலில் நடந்த வீட்டுக் கண்காட்சிக்குப் போனோம். இன்னும் கட்டி முடிக்காத ஃபிளாட், 14 லட்சம் திர்ஹாம். அங்கேயே கிரெடிட் கார்டில் 20,000 திர்ஹாம் புக்கிங் கட்டிவிட்டார். சாவி வாங்கிய பிறகும் மாதம் ஒரு சதவீதம் தவணை கட்டலாமாம். மீதிப் பணத்துக்கு, இங்கே ஹொரமாவில் எங்களுக்கு இருக்கும் வீட்டின் மேல் லோன் போடலாமா, விற்றுவிடலாமா என்று யோசிக்கிறோம். மாமனாரும் கொஞ்சம் தருகிறார். ஒப்பந்தத்தில் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. நாங்கள் செய்வது சரிதானா?

பதில்: கையெழுத்துப் போடுவதற்கு முன்பே கேட்டீர்களே, அதுவே நிம்மதி. இப்போதைக்குக் கையெழுத்து வேண்டாம். கார்டில் இனி ஒரு திர்ஹாம்கூடக் கட்ட வேண்டாம்.

இந்தியாவில் வசிப்பவர் வெளிநாட்டில் வீடு வாங்கத் தடை இல்லை. ஆனால் பணம் எந்த வழியாகப் போகிறது என்பதை ஃபெமா என்கிற அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டம் கறாராகப் பார்க்கிறது. தனிநபர்கள் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் எல்ஆர்எஸ் திட்டத்தில் ஒருவர் ஒரு நிதியாண்டில் இரண்டரை லட்சம் டாலர் வரை அனுப்பலாம். திர்ஹாமில் அது ஏறக்குறைய 9.18 லட்சம். பான் எண் கொடுத்து, வங்கியில் ஏ2 படிவத்தில் 'வீடு வாங்க' என்று காரணம் எழுதி அனுப்ப வேண்டும். கிரெடிட் கார்டு பயணச் செலவு, பொருள் வாங்கும் செலவு போன்றவற்றுக்கானது. சொத்து வாங்க அதைத் தேய்க்கக் கூடாது. 'எல்லாரும் இப்படித்தான் கட்டுகிறார்கள்' என்று ஏஜென்ட் சொல்லியிருப்பார். நாளைக்கு அமலாக்கத் துறையிலிருந்து நோட்டீஸ் வந்தால் அது உங்கள் கணவர் பெயருக்குத்தான் வரும். மீறிய தொகையைப் போல மூன்று மடங்கு வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது.

லோன் யோசனையையும் விட்டுவிடுங்கள். எல்ஆர்எஸ் வழியாக வெளிநாட்டில் சொத்து வாங்க இந்திய வங்கிகள் கடன் கொடுக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. வேறு காரணம் எழுதிக் கடன் வாங்கி அந்தப் பணத்தை அனுப்பினால் வங்கியிடமே பொய் சொன்னதாகிவிடும். மாமனார் ரூபாயில் உங்கள் கணவருக்கு அன்பளிப்பாகத் தரலாம், அதற்கு வரி இல்லை. ஆனால் அதனால் கணவரின் டாலர் வரம்பு கூடாது. மாமனார் தன் வரம்பிலிருந்து நேரே அனுப்ப வேண்டுமானால் பத்திரத்தில் அவரும் ஒரு உரிமையாளராக இருக்க வேண்டும். உங்களுக்கும் அதே விதிதான்.

சாவி வாங்கிய பிறகும் ஓடும் அந்த ஒரு சதவீதத் தவணைதான் எனக்குப் பெரிய உறுத்தல். கட்டட வேலை நகர நகர, வரம்புக்குள் வங்கி வழியாகப் பணம் அனுப்புவது வேறு. வீட்டைக் கையில் வாங்கிக்கொண்டு ஆண்டுக்கணக்கில் பாக்கி வைத்தால், வெளிநாட்டுக்காரரிடம் கடன் வாங்கியதாகவே அதை எடுத்துக்கொள்ள முடியும். அந்தக் கடனுக்கு அனுமதி இல்லை என்பது என் கருத்து. இந்தியாவில் இருந்துகொண்டு அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

வரியையும் பாருங்கள். ஆண்டுக்கு 10 லட்சம் ரூபாய்க்கு மேல் அனுப்பும் தொகையில் வங்கி 20 சதவீதத்தை டிசிஎஸ், அதாவது முன்கூட்டிய வரியாக, வசூலிக்கும். ஒரு கோடி அனுப்பினால் கூடவே 18 லட்சம் ரூபாய் கையில் இருக்க வேண்டும். கணக்குத் தாக்கல் செய்யும்போது அது கழிந்துவிடும், இருந்தாலும் அதுவரை பணம் முடங்கிக் கிடக்கும். வரிக் கணக்கில் இங்கே வசிப்பவராக இருக்கும்வரை அந்த வீட்டை வருமான வரிக் கணக்கில் வெளிநாட்டுச் சொத்தாகக் காட்டியே ஆக வேண்டும். காட்டாவிட்டால் 2015ஆம் ஆண்டின் கறுப்புப் பணச் சட்டத்தில் 10 லட்சம் ரூபாய் அபராதம் வரலாம். நேர்மையாகச் சம்பாதித்த பணம் என்று சொல்லி அதிலிருந்து தப்ப முடியாது.

சரி, இத்தனை சிக்கலும் ஏன் வருகிறது? போவதற்கு முன்பே வாங்கப் பார்ப்பதால்தான். உங்கள் கணவர் வேலைக்காகக் கிளம்பி துபாய் போய்ச் சேர்ந்துவிட்டால், ஃபெமா கணக்கில் அவர் இந்தியாவுக்கு வெளியே வசிப்பவர். அங்கே வாங்கும் சம்பளத்தில், அங்கே உள்ள வங்கிக் கடனில் வீடு வாங்கினால் எல்ஆர்எஸ் வரம்பும் இல்லை, டிசிஎஸ்ஸும் இல்லை. அங்கே வசிக்கும் வெளிநாட்டவருக்கு, 50 லட்சம் திர்ஹாமுக்குள் இருக்கும் முதல் வீடு என்றால் விலையில் 80 சதவீதம் வரையும், கட்டி முடியாத வீடு என்றால் 50 சதவீதம் வரையும் வங்கிகள் கடன் தரலாம். அப்படி வாங்கிய வீட்டை, பின்னால் ஊர் திரும்பினாலும் வைத்துக்கொள்ள ஃபெமாவின் 6(4) பிரிவு இடம் கொடுக்கிறது.

மாற்றல் உத்தரவு இன்னும் காகிதத்தில் வரவில்லை என்பதையும் மறக்காதீர்கள். வாய்மொழியை நம்பி முன்பணம் கட்டி, கடைசியில் அந்த வேலையே இல்லாமல் போனவர்கள் என் அலுவலகத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். முதல் ஒரு வருடம் வாடகைக்கு இருங்கள். எந்தப் பகுதி ஒத்துவரும், பிள்ளைகள் இருந்தால் பள்ளி எவ்வளவு தூரம், ஆண்டுதோறும் சதுர அடிக் கணக்கில் கட்டும் பராமரிப்புக் கட்டணம் எவ்வளவு என்பதெல்லாம் அங்கே இருந்து பார்த்தால்தான் தெரியும்.

ஹொரமாவு வீட்டை இப்போது விற்க வேண்டாம், வாடகைக்கு விடுங்கள். விற்ற பணத்தில் துபாயில் வீடு வாங்கினால் மூலதன ஆதாய வரி இருக்காது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அந்தச் சலுகை இந்தியாவில் வாங்கும் வீட்டுக்கு மட்டும்தான். விற்றே தீருவது என்றால் வருமான வரிக் கணக்கில் என்ஆர்ஐ ஆவதற்கு முன்பே விற்பது நல்லது; அதன் பிறகு வாங்குபவர் ஒரு சதவீதத்துக்குப் பதில் பெரிய தொகையை டிடிஎஸ்ஸாக, அதாவது விலையிலிருந்தே வரியாக, பிடிக்க வேண்டியிருக்கும். ஜனவரியில் கிளம்பினால் மார்ச் 31 வரை, வரிக் கணக்கில் மட்டும், அவர் இங்கே வசிப்பவர்தான். எதற்கும் இ-காத்தாவை, அதாவது மாநகராட்சியின் மின்னணுச் சொத்துப் பதிவை, இப்போதே வாங்கி வைத்துவிடுங்கள், அது இல்லாமல் பெங்களூரில் கிரயம் பதிய முடியாது.

பிறகு துபாயில் வாங்கும்போது, கட்டி முடியாத வீடு என்றால் அந்தத் திட்டத்துக்கென்று இருக்கும் எஸ்க்ரோ கணக்கில், அதாவது பில்டர் வேறு எதற்கும் எடுக்க முடியாத தனி வங்கிக் கணக்கில், மட்டும் பணம் கட்டுங்கள். துபாயின் 2007ஆம் ஆண்டின் 8ஆம் எண் சட்டம் அதற்காகத்தான் வந்தது. நிலத் துறையின் பதிவுக் கட்டணம் 4 சதவீதம், அதை விலையோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள். இருவர் பெயரிலும் வாங்கி, அங்கேயே ஒரு உயிலும் பதிந்துவிடுங்கள்.

இனி அந்த 20,000 திர்ஹாம். ஒப்பந்தம் செய்யப் போவதில்லை, பணத்தை அதே கார்டுக்குத் திருப்புங்கள் என்று பில்டருக்கு இன்றைக்கே மின்னஞ்சல் அனுப்புங்கள். ஏஜென்டிடம் ஃபோனில் பேசினால் போதாது. புக்கிங் படிவத்தில் 'திரும்பத் தரப்படாது' என்று எழுதியிருந்தாலும் கேளுங்கள். பணம் வந்ததும் கார்டு ஸ்டேட்மென்ட்டைப் பத்திரப்படுத்துங்கள். வராவிட்டால், ரிசர்வ் வங்கியிடம் நாமாகவே போய்த் தவறைச் சொல்லி, அவர்கள் நிர்ணயிக்கும் தொகையைக் கட்டித் தீர்க்கும் காம்பவுண்டிங் வழி இருக்கிறது. அதற்கு மனு எழுத வேண்டி வந்தால் புக்கிங் படிவம், கார்டு ஸ்டேட்மென்ட், ஏஜென்ட் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகள் எல்லாம் தேவைப்படும். ஒன்றையும் அழித்துவிடாதீர்கள்.